டார்ட் முனைக்கு எவ்வளவு கூர் வேண்டும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டார்ட் என்றால், சுவரில் மாட்டிய வட்டப் போர்டைக் குறிபார்த்துக் கையால் எறிகிற சின்ன அம்பு. ஆன்லைனில் வாங்கிய 23 கிராம் ஸ்டீல் முனை டார்ட் மூன்று வைத்திருக்கிறார். மொட்டை மாடி அறையில் போர்டு மாட்டி மூன்று மாதமாக நண்பர்களோடு விளையாடுகிறார். போகப் போக முனை மழுங்கி, எறிகிற டார்ட் தெறித்து விழ ஆரம்பித்தது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்து ஊசி மாதிரி தீட்டி வாங்கினார். இரண்டு நாள் அருமையாக ஏறியது. மூன்றாம் நாளிலிருந்து முன்பைவிட மோசம். போதாததற்கு, டார்ட்டைப் பிடுங்கும்போது போர்டிலிருந்து நார் நாராக வருகிறது. "எவ்வளவு கூர் வேண்டும்? எதில் தீட்ட வேண்டும்? போர்டு காய்ந்துவிட்டதா? தண்ணீர் தெளிக்கலாமா?" என்று நான்கு கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்து முடிப்பதற்குள் யாராவது பக்கெட்டோடு மாடி ஏறிவிடுவார்கள். தண்ணீர் வேண்டாம். ஒரு சொட்டுகூட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

சாணைக்காரர் மேலும் தப்பில்லை. அரிவாள்மனைக்கும் கறி வெட்டும் கத்திக்கும் என்ன செய்வாரோ அதைத்தான் உங்கள் டார்ட்டுக்கும் செய்தார். நீங்கள் கொடுத்தது வெட்டுகிற சாமான் இல்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நான் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்தவன். முப்பது வருஷம் ஊசி முனையைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டேன். டார்ட் எனக்குப் பின்னாளில் வந்த பைத்தியம். ஆனால் டார்ட் முனையைப் பற்றி நான் கற்றதில் பாதி, ஊசியிலிருந்து வந்ததுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தோல் தைக்கிற மிஷின் ஊசியின் முனையை லென்ஸில் பார்த்தால், குட்டி உளி மாதிரி ஒரு வெட்டு விளிம்பு தெரியும். தோலில் பாவும் ஊடும் கிடையாது. விலகி வழி விட அங்கே நூல் இல்லை, வெட்டித்தான் துளை போட வேண்டும். அதே ஊசியை எடுத்துப் பனியன் துணிக்கு மாட்டினால் நூலை அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது, இரண்டு தடவை துவைத்ததும் தையலோரம் வரிசையாக ஓட்டை விழும். பனியன் துணிக்கு என்று முனை உருண்ட ஊசி தனியாக இருக்கிறது. அது நூலின் மேல் பட்டால் நழுவும். நழுவி, இரண்டு நூலுக்கு நடுவில் இடம் பார்த்துப் புகுந்துவிடும். துணிக்கும் சேதமில்லை, ஊசிக்கும் சேதமில்லை.

இப்போது உங்கள் போர்டுக்கு வருவோம். அது எந்த ஜாதி? பனியன் ஜாதி.

நல்ல டார்ட் போர்டு கற்றாழை நாரால் ஆனது. நம்ம பக்கம் ரயில் கற்றாழை என்று சொல்கிறோமே, தண்டவாளத்து ஓரம் வேலிக்கு நிற்குமே, அந்த இனத்தில் ஒன்றான சிசல் செடியின் நார். பாய் மாதிரி படுக்க வைத்துப் பின்னியது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. நாரைக் கட்டுக் கட்டாக நிறுத்தி, இறுக்கி அழுத்தி, சுற்றி இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். நம்மைப் பார்த்து நிற்பது லட்சக்கணக்கான நாரின் வெட்டு முகம். வீட்டில் புதுத் தென்னந்துடைப்பம் இருந்தால், கட்டை இறுக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைத் தரையில் தட்டிச் சமமாக்குங்கள். அந்த முகத்தில் ஒரு சைக்கிள் கம்பியைச் செருகிப் பாருங்கள். குச்சிகள் விலகி வழி விடும், கம்பியை இறுக்கிப் பிடித்தும் கொள்ளும். கம்பியை உருவினால் துளை மூடிவிடும். டார்ட் போர்டு செய்கிற வேலை முழுக்க இவ்வளவுதான். நார் விலகுகிறது, பிடிக்கிறது, திரும்பச் சேர்கிறது. அதில் எதையும் அறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் டார்ட் முனைக்கு வேண்டியது வழவழப்பு, வட்டம். ஊசிக் கூர் அல்ல. முனை மட்டும் மயிரிழை அளவுக்கு உருண்டிருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து மெல்ல அழுத்தினால் குத்துவது தெரிய வேண்டும், தோலுக்குள் இறங்கக் கூடாது.

ஊசிக் கூரில் இன்னொரு ஆபத்து கம்பி. 20, 1, 18 என்று கட்டங்களைப் பிரிக்கிற கம்பிகள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் டார்ட் பட்டே தீரும். மூன்று மடங்கு மதிப்புள்ள வளையத்தின் அகலமே 8 மி.மீ. தான், நடுக்கண்ணின் குறுக்களவு 12.7 மி.மீ. 2.37 மீட்டர் தள்ளி நின்று எறிகிறவனுக்குக் கம்பி தவறாமல் அகப்படும். முனை உருண்டிருந்தால் கம்பியின் தோளில் பட்டு வழுக்கி, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நாருக்குள் இறங்கிவிடும். ஊசி முனை வழுக்காது. கம்பியைக் கடித்து நிற்கும், அடுத்த நொடி திரும்பி உங்கள் கால் விரலைத் தேடி வரும். அப்படிக் கடித்த வேகத்தில் அந்த மெல்லிய நுனி மடங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியாகிவிடும். பட்டறைப் பாஷையில் பிசிறு. உங்களுக்கு இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் கெட்டதற்குக் காரணம் இந்தப் பிசிறுதான். நார் நாராக வருவதற்கும் அதுவே காரணம். உள்ளே போகும்போது ஊசி, வெளியே வரும்போது தூண்டில் முள்.

சரி, மழுங்கினால்? அதுவும் கெடுதல்தான். முனை தட்டையாகிவிட்டால் நாரின் தலையில் முட்டி நிற்கும், விலக்காது. ஆக, தீட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டைக்கும் ஊசிக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தத் தெரிய வேண்டும்.

நான் இதைத் தெரிந்துகொண்டது வெட்கப்பட்டுத்தான். தொண்ணூறுகளில் நான் இருந்த கம்பெனிக்கு இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். அது அவர்கள் நாட்டின் ஷூ ஊர், நமக்கு ஆம்பூர் மாதிரி. மனுஷன் ஒரு போர்டும் ஆறு டார்ட்டும் கொண்டு வந்து சாப்பாட்டு ஹாலில் மாட்டினார். மத்தியானம் அரை மணி நேரம் எல்லோரும் எறிவோம். இரண்டு மாதத்தில் முனைகள் மழுங்கின. நான்தான் மெக்கானிக் ஆயிற்றே, அவர் சென்னை போயிருந்த நாளில் ஆறையும் பெஞ்ச் கிரைண்டரில் பிடித்துப் பளபளவென்று ஊசியாக்கி வைத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு. அவர் வந்து ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் நகத்தின் மேல் முனையைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் இழுத்தார். நகத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. என்னிடம் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு முகம் செத்துவிட்டது. காரணம், அந்த நகச் சோதனையை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்கிறவன். தையல் விட்டு விட்டு வருகிறது, நூல் அறுகிறது என்று யார் கூப்பிட்டாலும் முதல் வேலையாக ஊசியைக் கழற்றி நகத்தில் இழுப்பேன். கோடு விழுந்தால் பிசிறு, ஊசியைத் தூக்கிப் போடு. கையில் இருந்த வித்தை, டார்ட்டைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. பெரிதாக இருந்ததால் கடப்பாரை என்று நினைத்துவிட்டேன் போல.

நீங்களும் அந்த நகச் சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று டார்ட்டையும், முனையைச் சுற்றி நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கும், இன்னொரு பக்கம் கீறும். கீறுகிற பக்கம்தான் மடங்கியிருக்கிறது. நகம் முரடாக இருக்கிறவர்கள் ஒரு துண்டுப் பஞ்சில் குத்தி மெல்ல உருவிப் பார்க்கலாம். பஞ்சு கூடவே வந்தால் பிசிறு இருக்கிறது.

எதில் தீட்டுவது? டார்ட்டுக்கென்றே நடுவில் குழி வைத்த உருளைக் கல் விற்கிறார்கள். சின்னது, விலையும் குறைவுதான், கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தச்சர்கள் இழைப்புளி தீட்டுகிற ஆயில் கல் போதும். அதன் சன்னமான பக்கம், சொரசொரப்பான பக்கம் அல்ல. அதுவும் இல்லையா, பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் கேளுங்கள். 600 நம்பர் ஒன்று, 1000 நம்பர் ஒன்று. மர வேலைக்குப் போடுகிற உப்புத்தாளைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது முனையை உழுதுவிடும்.

மோட்டார் ஓடுகிற எதிலும் பிடிக்காதீர்கள். முனை பதம் ஏற்றிய எஃகு. வேகமாகச் சுற்றுகிற கல்லில் பிடித்தால் மெல்லிய நுனி ஒரு நொடியில் சூடாகிவிடும். முதலில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரி பக்கம் போனால் நீலம் பாரிக்கும். நீலம் வந்துவிட்டால் பதம் போயிற்று, அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும். பிறகு நீங்கள் எவ்வளவு அழகாகத் தீட்டினாலும் அடுத்த கம்பியில் மடங்கும். உங்கள் டார்ட்டின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். நீலமோ பழுப்போ தெரிந்தால், அந்த நிறம் போகிற வரை மெல்லத் தேய்த்து எடுத்துவிடுவதுதான் வழி. எடை குறையுமே என்று பயப்பட வேண்டாம். முனைக் கம்பியின் குறுக்களவு 2.3 மி.மீ. சுமார், ஒரு மி.மீ. நீளம் முழுசாகப் போனாலும் 0.03 கிராம்தான். மூன்றும் ஒரே எடையா என்று சந்தேகம் இருந்தால் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். நான் செய்திருக்கிறேன். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் அவரே ஒன்றைக் கையில் எடுத்துக் குறி பார்த்தார்.

தீட்டும் முறை இது. கல்லை மேஜையில் வைத்து இரண்டு சொட்டு மிஷின் ஆயில் விடுங்கள். டார்ட்டின் பேரலை, அதாவது கையால் பிடிக்கிற உலோக உடம்பை, கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். முனையில் ஏற்கெனவே ஒரு சரிவு இருக்கிறது இல்லையா, அந்தச் சரிவு கல்லில் படிகிற மாதிரி சாய்த்து வையுங்கள். புதுச் சாய்வு எதுவும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம். இப்போது டார்ட்டை உங்களை நோக்கி இழுங்கள், நுனி பின்னால் வர வேண்டும். நுனியை முன்னால் தள்ளினால் கல்லைக் குத்தும். இழுக்கும்போதே விரலுக்குள் டார்ட்டை உருட்டிக்கொண்டே வாருங்கள். பீடி சுற்றுகிற விரல்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த உருட்டல். உருட்டாமல் இழுத்தால் ஒரு பக்கம் பட்டை விழும். பட்டை விழுந்தால் முனை மையத்திலிருந்து விலகிவிடும், டார்ட் உள்ளே இறங்கும்போது ஒரு பக்கமாக ஒதுங்கும்.

நாலைந்து இழுப்பு. அழுத்தம் வேண்டாம், டார்ட்டின் சொந்த எடையே ஏறக்குறைய போதும். பிறகு நகச் சோதனை. கீறினால் இன்னும் இரண்டு இழுப்பு. கீறல் நின்றதும் கல்லை விட்டுவிடுங்கள். சுகமாக இருக்கிறதே என்று தொடர்ந்து தேய்க்கிறவர்கள்தான் ஊசியாக்கிவிடுகிறார்கள்.

அடுத்து நுனியை உருட்ட வேண்டும். 1000 நம்பர் தாளை உள்ளங்கையில் தளர்வாக வைத்து, டார்ட்டை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்து, சின்ன வட்டமாக மூன்று சுற்று. அவ்வளவுதான், தாள் கிழியாத அளவு. கடைசியில் ஒரு தோல் துண்டில், செருப்புக் கடைக் கழிவு போதும், முனையைத் துடைக்கிற மாதிரி பத்துத் தடவை இழுங்கள். நாவிதர்கள் சவரக் கத்தியைத் தோல் பட்டையில் இழுத்ததும் இதற்காகத்தான், தீட்டலில் மிஞ்சிய நுண்ணிய பிசிறை உதிர்க்க. எங்கள் ஜில்லாவில் தோலுக்கா பஞ்சம்? எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எறியுங்கள். எண்ணெய் முனையோடு எறிந்தால் போர்டில் கறுப்புப் புள்ளி விழும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சிலர் முனைக் கம்பி முழுவதையும் கண்ணாடியாக மெருகேற்றுவார்கள். அதுவும் தப்பு. நுனி வழவழப்பாக இருக்க வேண்டும், புகுவதற்கு. நுனிக்குப் பின்னால் உள்ள தண்டு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் நல்லது, நார் பிடித்து நிற்பதற்கு. டார்ட் போர்டில் தொங்கி, மெல்ல நழுவி விழுகிறது என்றால் பல சமயம் தண்டு அதிக வழவழப்பு. 600 நம்பர் தாளைத் தண்டைச் சுற்றிப் பிடித்து ஒரு தடவை திருகினால் மெல்லிய வரிகள் விழும், போதும். கம்பெனியிலேயே வரி வெட்டி வருகிற முனைகளும் உண்டு. பிடிமானம் நன்றாக இருக்கும், போர்டை அதே அளவுக்கு வேகமாகத் தின்னும். வீட்டு விளையாட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துத் தீட்ட வேண்டாம். தரையில் விழுந்த டார்ட்டை எடுத்ததும் நகத்தில் ஓர் இழுப்பு. கீறினால் தீட்டு, இல்லாவிட்டால் எறி.

தரையைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. முனையைக் கெடுப்பதில் கம்பிக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் நம் வீட்டுத் தரைக்கு. இங்கிலாந்தில் கார்ப்பெட், இங்கே சிமென்டு, மொசைக், இல்லாவிட்டால் கிரானைட். மாடி அறை என்கிறீர்கள், அப்படியானால் நிச்சயம் சிமென்டு. ஒரு முறை நேராக விழுந்தால் ஒரு மாதத் தேய்மானம். போர்டுக்குக் கீழே பழைய ஜமுக்காளம் இரண்டு மடிப்பாகப் போடுங்கள். ஆம்பூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால், சோல் வெட்டுகிற ஈவிஏ ஷீட்டில் கழிவுத் துண்டு கேட்டு வாங்கி விரியுங்கள், அதற்கு மேல் நல்லது எதுவும் இல்லை. சுவரில் போர்டைச் சுற்றியும் அதையே ஒட்டலாம். வீட்டில் அம்மா சுவரைப் பார்த்துத் திட்டுவதும் நிற்கும்.

முனை வளைந்திருக்கிறதா என்று பார்க்க, வால் இறகான ஃப்ளைட்டையும், அதைப் பேரலோடு சேர்க்கிற குச்சியான ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, மேஜை விளிம்பில் முனை வெளியே நீட்டியிருக்கிற மாதிரி பேரலை மட்டும் வைத்து உருட்டுங்கள். நுனி ஓர் இடத்திலேயே நின்றால் நேர், வட்டம் போட்டால் வளைவு. சுத்தியால் தட்டி நிமிர்த்தாதீர்கள், பதம் ஏற்றிய எஃகு பட்டென்று போகும். முனையை மாற்றிவிடலாம். பெரும்பாலான டார்ட்டில் முனை திருகு அல்ல, அழுத்திச் செருகியது. அதை உருவவும் புதிதைச் செருகவும் தனிக் கருவி இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து விளையாடுகிற இடம் என்றால் ஒன்று வாங்கி வைக்கலாம்.

லேத் பட்டறையில் கொடுத்தும் மாற்றலாம். ராணிப்பேட்டைப் பக்கம் கைதேர்ந்தவர்கள் நிறைய. ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் ஒரு முறை நிற்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். முனையை அழகாக மாற்றிவிட்டார்கள். கூடவே, நான் கேட்காமலே, பின்பக்கம் ஷாஃப்ட் ஏறுகிற மரையில் அழுக்கு இருக்கிறது என்று மரை வெட்டுகிற 5 மி.மீ. டேப் விட்டுச் 'சுத்தம்' செய்துவிட்டார்கள். டார்ட்டில் இருப்பது டூ பிஏ என்கிற பழைய இங்கிலீஷ் மரை, 4.7 மி.மீ. குறுக்களவு, புரி இடைவெளி 0.81. நம்ம 5 மி.மீ. மரையின் புரி இடைவெளி 0.8. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், டேப்பும் இறுக்கமாக ஏறிவிடும். ஏறி, மரையை அகலமாக்கிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பேரலில் ஷாஃப்ட் ஆடிக்கொண்டே இருந்தது. டங்ஸ்டன் பேரல், கொஞ்ச விலை இல்லை. இன்றைக்கும் அது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

பேரலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டங்ஸ்டன் என்றால் துருப்பிடிக்காது. பிடிமானத்துக்காகப் பேரலில் வெட்டிய நர்லிங் வரிகளில் கை அழுக்கு ஏறி மழமழவென்று ஆவதுதான் பிரச்சினை. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், உடனே துணியால் துடைத்துக் காயவைப்பது, முடிந்தது. பித்தளை என்றால் கறுக்கும். புளி போட்டுத் துலக்கலாம், குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி. ஆனால் புளிக் கரைசல் எஃகு முனையில் படக் கூடாது, பட்டால் மறுநாள் துரு. எங்கள் ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. கழுவிவிட்டு அப்படியே வைத்தாலும் முனையில் செம்புள்ளி விழும். வைக்கும்போது முனைக்கு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

மூன்றையும் பாக்கெட்டில் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிக்கொண்டு திரியாதீர்கள். முனையோடு முனை இடித்தே பாதிப் பிசிறு வரும். சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி ஓர் அங்குலம் வெட்டி முனையில் மாட்டிவிடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது கட்டாயம்.

ஃப்ளைட்டின் ஓரம் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டார்ட் ஆடிக்கொண்டே வந்து சாய்வாக இடித்தால் எந்த முனையும் தெறிக்கும், குறை முனையில் இருக்காது. மடிப்பு மட்டும் விழுந்திருந்தால் கொதிக்கிற தண்ணீர் ஆவியில் காட்டினால் ஓரளவு நிமிரும். ஷாஃப்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒரு திருகு. மே மாதத்தில் கை வியர்க்கிறது என்று கேரம் பவுடரைத் தொட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது காய் வழுக்குவதற்கான பவுடர், ஐயா! சாக்பீஸ் தூள் போதும்.

இனி தண்ணீர்க் கதை. போர்டுக்குத் தண்ணீர் விடுகிற பழக்கம் எங்கிருந்தோ வந்ததல்ல. பழைய காலத்தில் இங்கிலாந்தில் மரத்தில், முக்கியமாக எல்ம் என்கிற மரத்தில், போர்டு செய்தார்கள். அதை ராத்திரி ஊற வைத்தால்தான் மரம் உப்பித் துளைகள் மூடும், வெடிக்காமல் இருக்கும். நார் போர்டு 1930களில் வந்தது. நோடார் என்ற கம்பெனிதான் அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அவர்கள் களிமண் போன்ற ஒரு வகைப் பிசினில் போர்டு செய்தார்கள், அதற்கு வாடை இல்லை, இங்கிலீஷில் 'நோ ஓடர்', என்பதால்தான் கம்பெனிக்கு அந்தப் பெயர். நார் போர்டு வந்ததும் மர போர்டு போய்விட்டது, ஊற வைக்கிற யோசனை மட்டும் வாய் வழியாக இன்னும் சுற்றுகிறது.

நாரில் தண்ணீர் பட்டால் அது உப்பும். சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருப்பதால் பக்கவாட்டில் போக இடமில்லை, முன்னால் பிதுங்கும். நடுவில் தொப்பை விழும், கம்பிகள் தூக்கிக்கொள்ளும். காய்ந்த பிறகு சுருங்கி, முன்பு இருந்த இறுக்கமும் போய்விடும். எங்கள் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது போர்டைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பாலாற்றுக்கே தண்ணீர் இல்லாத ஊரில் போர்டுக்கு எதற்கு என்று விட்டுவிடுங்கள். வேண்டியது நிழல். மாடி அறைக்கு ஷீட் கூரை என்றால் சித்திரை, வைகாசியில் போர்டைக் கழற்றிக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். ஐப்பசி மழையில் சாரல் படுகிற சுவரும் கூடாது.

உங்கள் போர்டில் நார் பிய்ந்த இடம் எது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் 20-ஆம் கட்டமாகத்தான் இருக்கும். எல்லோரும் அங்கேதான் எறிவார்கள். 2025 ஜனவரியில் லூக் லிட்லர் என்ற இங்கிலாந்துப் பையன் 17 வயதில் டார்ட்டில் உலக சாம்பியன் ஆன பிறகு நம்ம பசங்களுக்கும் அந்த ஒரு கட்டத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. எண்கள் உள்ள கம்பி வளையம் தனியாகக் கழலும். அதைக் கழற்றி, போர்டைச் சுற்றி வைத்து, வளையத்தைத் திரும்ப மாட்டினால் தேயாத ஒரு கட்டம் 20-க்கு வந்துவிடும். ஒரே விதி, 20-க்குக் கறுப்புக் கட்டம்தான் வர வேண்டும். அதனால் இரண்டு கட்டம், நாலு கட்டம் என்று இரட்டைப் படையில் சுற்றுங்கள். தினமும் விளையாடுகிற இடத்தில் வாரம் ஒரு முறை இதைச் செய்தால் போர்டு இரண்டு மடங்கு காலம் வரும் என்பது என் அனுபவம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற நாரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒன்றை இழுத்தால் பக்கத்திலுள்ளவை தளரும். சின்னக் கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுங்கள்.

டார்ட்டை எடுக்கிற விதமும் உண்டு. ஃப்ளைட்டைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் முனையே நெம்புகோலாக மாறி நாரைக் கிளப்பும், முனையும் வளையும். பேரலைப் பிடித்து, நேராக, வலப்பக்கமாக மெல்லத் திருகிக்கொண்டே உருவுங்கள். இடப்பக்கம் திருகினால் ஷாஃப்ட் கழன்று கையோடு வரும்.

பிளாஸ்டிக் முனை டார்ட், துளைத் துளையாக எலக்ட்ரானிக் போர்டு, அதற்கு இது எதுவும் பொருந்தாது. அதைத் தீட்டவே கூடாது, வளைந்தால் கழற்றி வேறு போட வேண்டியதுதான்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், தம்பி. மூன்றையும் ஒரே நாளில் தீட்டாமல் ஒன்றை மட்டும் மேலே சொன்னபடி செய்யுங்கள். மற்ற இரண்டும் சாணைக்காரர் கொடுத்தபடியே இருக்கட்டும். தீட்டியதன் ஷாஃப்டில் தங்கச்சியிடம் நெயில் பாலிஷ் வாங்கி ஒரு பொட்டு வையுங்கள். மூன்றையும் கலந்து எறிந்து, பொட்டு வைத்தது எத்தனை முறை தெறித்தது, மற்றவை எத்தனை முறை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவரில் கோடு போடுங்கள். கரிக்கட்டையால் போடுங்கள், பேனாவால் போட்டால் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.